கத்திரி வெயிலில் வேனில் 5 நாள்: பால், மாவு, மீன் கெடாமல் வைப்பது எப்படி?

#1 வேன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். மே 2-ஆம் வாரம் ஃபோர்ஸ் டிராவலரில் கிளம்புறோம். பெரியவங்க 2, பசங்க 2. திருச்சி – வேளாங்கண்ணி – கோடியக்கரை – தொண்டி – ராமேசுவரம் – தூத்துக்குடி. 5 நாள், 4 ராத்திரி. தூக்கம், சமையல் எல்லாம் வண்டியிலேயே.

குளிர்ச்சியில் இருக்க வேண்டியவை: தினம் 1 லிட்டர் பால், தயிர், இட்லி மாவு 2 கிலோ, முட்டை 1 டஜன், கொஞ்சம் காய், வழியில் வாங்குற மீன், குடிக்க ஒரு நாளைக்கு 5 லிட்டர் ஜில் தண்ணி.

மூணு வழி தெரியுது. சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற சின்ன கார் ஃப்ரிட்ஜ், 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், 50 லிட்டர் ஐஸ் பெட்டி. எதை வாங்கலாம்? வண்டி பேட்டரியிலேயே ஓட்ட முடியுமா?

#2 ஃப்ரிட்ஜ்_பாண்டி

அந்தச் சின்ன கார் ஃப்ரிட்ஜை முதல்ல பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. அதுக்குள்ள கம்ப்ரசரே கிடையாது. பெல்டியர்னு ஒரு சில்லு, கரன்ட் போனா ஒரு பக்கம் சூடாகும், மறுபக்கம் குளிரும், அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில சின்ன எழுத்துல போட்டிருப்பான், ‘சுற்றுப்புற வெப்பத்தை விட 15 முதல் 20 டிகிரி குறைவு’ன்னு. கத்திரியில நிறுத்தின வண்டிக்குள்ள 45 டிகிரி சாதாரணம். அப்போ உங்க பால் 25, 30 டிகிரியில உக்காந்திருக்கும். அது கூலிங் இல்லைங்க, உறை ஊத்தி வைக்கிற சூடு.

இதுல பாதிக்கு மேல தெர்மோஸ்டாட் இல்லாதது. 4, 5 ஆம்பியர் நிக்காம இழுத்துக்கிட்டே இருக்கும். ராத்திரி 8 மணி நேரம் போட்டா 35, 40 ஆம்பியர்-மணி காலி. காலையில செல்ஃப் எடுக்காது.

மீதி ரெண்டும் நல்ல வழிதான். எது உங்களுக்குப் பொருந்தும்னு சொல்ல நம்ம வாத்தி வரட்டும்.

#3 கணக்கு_வாத்தி

வந்துவிட்டேன். எந்தப் பெட்டி என்று கேட்பதற்கு முன் உள்ளே எவ்வளவு சூடு புகுகிறது என்று பாருங்கள். ஐஸோ கம்ப்ரசரோ அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் கூலி வாங்குகிறது.

ஒரு கிலோ ஐஸ் முழுதாக உருக 334 கிலோஜூல் சூடு வேண்டும். மின்சாரக் கணக்கில் 93 வாட்-மணி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

50 லிட்டர் பெட்டியின் மேற்பரப்பு ஏறக்குறைய 0.9 சதுர மீட்டர். வெளியே 38, உள்ளே 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மீன் அனுப்பும் 25 மி.மீ. தெர்மாகோல் பெட்டியில் சுவர் வழியாக மட்டும் 48 வாட் புகும். ஒரு நாளைக்கு 12 கிலோ ஐஸ் தின்னும். அதே தெர்மாகோல் 50 மி.மீ. என்றால் பாதி, 6 கிலோ. 50 மி.மீ. பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) அடைத்த நல்ல பெட்டி என்றால் 4 கிலோ. பெட்டிக்குள் பெட்டியாக இரண்டு தெர்மாகோல் பெட்டிகளைச் செருகினாலே 12 கிலோ 6 கிலோவுக்கு இறங்கிவிடும். கைக்காசு குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிட லாபமான வேலை இல்லை. வெள்ளிக் காகிதம் சுற்றுவது நேர் வெயில் படும் இடத்தில்தான் உதவும், தடிமனுக்கு அது ஈடாகாது.

இனி உள்ளே வைக்கும் பொருள். 5 லிட்டர் தண்ணீரை 35-லிருந்து 8 டிகிரிக்கு இறக்க 157 வாட்-மணி, அதாவது 1.7 கிலோ ஐஸ். தினமும். உங்கள் பட்டியலிலேயே பெரிய செலவாளி அந்த ஜில் தண்ணீர்தான். பாலும் மாவும் வீட்டிலிருந்தே குளிர்ந்து வந்தால் அவற்றின் பங்கு மிகச் சொற்பம்.

மூடி திறப்பதையும் சேர்த்தால் நல்ல பெட்டியில் நாளுக்கு 6, 7 கிலோ. 5 நாளுக்கு 30 கிலோவுக்கு மேல். 50 லிட்டர் பெட்டியில் 30 கிலோ ஐஸ் வைத்துவிட்டால் சாப்பாட்டுக்கு ஏது இடம்? ஆகவே ஐஸ் என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை வாங்கியாக வேண்டும். வழியில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

#4 நெய்தல்

வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில்: வருசத்துல மத்த மாசம் கிடைக்கும், மே மாசம் சந்தேகம்.

நாகப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மண்டபம், ராமேசுவரம், தூத்துக்குடி, இந்த ஊர்கள் எல்லாமே விசைப்படகு நிக்கிற இடம், ஐஸ் அங்கே புழங்குற சரக்கு. ஆனா கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அதை நம்பி ஓடுற ஐஸ் கம்பெனியும் குறைச்சலா ஓட்டும், இல்ல மூடியிருக்கும். நாட்டுப்படகு ஓடும், அதனால மீன் கிடைக்கும். ஐஸ்தான் முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டு வைக்கணும். ஜூஸ் கடை, கூல்டிரிங்ஸ் ஏஜென்சிக்கு ஐஸ் போடுற வண்டி எங்கேருந்து வருதுன்னு கேட்டாலும் வழி கிடைக்கும்.

வாங்குறப்போ பார் ஐஸா, அதாவது பெரிய கட்டியா கேளுங்க. உடைச்ச ஐஸ் சீக்கிரம் குளிர வைக்கும், சீக்கிரம் உருகும். பார் மெதுவா உருகும். அடியில பார் துண்டு, அதைச் சுத்தி இண்டு இடுக்குல உடைச்சது. பாரைச் சாக்குல சுத்தி, உளி வெச்சு ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டு மேல தட்டுனா நேரா பிளக்கும். நடு மண்டையில சுத்தியலால போட்டா பாதி தூளாப் போயிடும்.

முக்கியமா ஒண்ணு. துறைமுக ஐஸ் மீனுக்கு, வாய்க்கு இல்ல. தின்னக் கூடாத ஐஸ்ல நீலச் சாயம் கலக்கணும்னு 2018-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிச்சு. வெள்ளையா இருக்குங்கிறதுக்காக மோர்ல போட்டுடாதீங்க. கெட்டியான பாலித்தீன் பையில ஐஸைப் போட்டு முடிஞ்சு, சாப்பாட்டை மூடி இறுகின டப்பாவுல வைங்க. உருகின தண்ணி எதுலயும் இறங்கக் கூடாது.

#5 வேன்வாசி

தடைக்காலம் சுத்தமா மறந்துபோச்சு. ரொம்ப நன்றி நெய்தல் அண்ணா. அப்போ கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்தான் போல. கேள்விப்பட்டது ஒண்ணு: ஐஸ்ல கல்லுப்பு போட்டா ரொம்ப நேரம் நிக்குமாமே?

#6 கணக்கு_வாத்தி

தலைகீழ். உப்பு போட்டால் ஐஸ் *சீக்கிரம்* உருகும், ஆனால் குளிர் கூடும். நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உப்பு கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். குல்ஃபி வண்டிக்காரருக்கு அது வேண்டும். உங்களுக்கு வேண்டாம்: பால் பாக்கெட் உறைந்து வெடிக்கும், தயிர் திரிந்து தண்ணீர் விடும், ஐஸும் மதியத்துக்குள் தீர்ந்துபோகும்.

#7 டிசி_வயரிங்

கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் எடுக்குறதா இருந்தா ஃப்ரிட்ஜ் பிராண்டைவிட வயரிங்தான் முக்கியம். ‘ஃப்ரிட்ஜ் ரிப்பேர்’னு வர்றதுல நிறைய வயர் கோளாறுதான்.

40 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45, 50 வாட் எடுக்கும். மே மாசச் சூட்டுல கிட்டத்தட்ட பாதி நேரம் ஓடிக்கிட்டு இருக்கும். நாளுக்கு 500 வாட்-மணின்னு வெச்சுக்குங்க. வண்டியோட ஸ்டார்ட்டிங் பேட்டரியில ராத்திரி முழுக்க இதை ஓட்டாதீங்க. அந்தப் பேட்டரி ஒரு நொடி பெரிய கரன்ட் தர்றதுக்குச் செஞ்சது, ஆழமா இறக்கி ஏத்துனா சில மாசத்துல செத்துடும். தனியா 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி ஒண்ணு வைங்க. 12.8 வோல்ட், 1280 வாட்-மணி, அதுல 90 சதவீதம் தாராளமா எடுக்கலாம். ரெண்டு நாள் தாங்கும்.

அதுக்குச் சார்ஜ்: ஆல்டர்னேட்டர்லேருந்து (இன்ஜின் ஓடும்போது கரன்ட் தர்ற டைனமோ) நேரா வயர் இழுக்க வேண்டாம். பிஎஸ்6 வண்டிகள் பலதுல ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், லித்தியம் ஒழுங்கா நிறையாது. இன்னொரு பக்கம், காலியான லித்தியம் பேட்டரி ஆல்டர்னேட்டரை உறிஞ்சிச் சூடாக்கிடும். நடுவுல 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், அதாவது வோல்டேஜையும் கரன்ட்டையும் சீராக்கித் தர்ற பெட்டி, போடுங்க. 2 மணி நேரம் வண்டி ஓடினா சுமார் 500 வாட்-மணி ஏறும், அன்னைக்கு ஃப்ரிட்ஜ் செலவு கழிஞ்சுது. ஒரே இடத்துல ரெண்டு நாள் நிக்கிற ஆளா இருந்தா கூரையில 200 வாட் சோலார். மே மாசம் 700, 800 வாட்-மணி எதிர்பார்க்கலாம். பேனல் மேல எழுதியிருக்கிற 200 வாட் 25 டிகிரிக்கு. தகரக் கூரையில அது 65 டிகிரி ஆகும்போது ஆறுல ஒரு பங்கு போயிடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவுல ரெண்டு அங்குலம் காத்து விடுங்க.

இப்ப வயர். டிராவலர்ல முன்னாடியிருந்து பின்பக்கம் 5 மீட்டர் ஆயிடும், போக வர 10 மீட்டர் செம்பு. 1.5 சதுர மி.மீ. வயர்ல 5 ஆம்பியருக்கே 0.6 வோல்ட் விழும். கம்ப்ரசர் கிளம்புற நொடியில இழுப்பு 10 ஆம்பியர் போனா 1.2 வோல்ட். பேட்டரியில 12.2 இருக்கும், ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேர்றது 11. ‘பேட்டரி காலி’ன்னு நினைச்சு ஆஃப் ஆகிடும். ஆஃப் ஆனதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி கிளம்பும், மறுபடி ஆஃப். ராத்திரி முழுக்க இதே கூத்து, காலையில பால் வெதுவெதுன்னு இருக்கும். 6 சதுர மி.மீ. வயர் போட்டா 5 ஆம்பியருக்கு விழுறது 0.15 வோல்ட்தான், 10-க்கு 0.3.

பேட்டரி பாசிட்டிவ்லேருந்து ஒரு சாணுக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ். வயர் நுனியில மாட்டுற லக் எல்லாம் கிரிம்ப் பண்ணினதா (கருவியால அழுத்தி இறுக்கினதா) இருக்கணும், முறுக்கி டேப் சுத்துற வேலை வேண்டாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டைத் தவிருங்க. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் முனை வண்டி ஆட்டத்துல தளர்ந்து சூடாகி உருகும். ரெண்டு பின் இருக்கிற ஆண்டர்சன் கனெக்டர் போதும்.

#8 ஃப்ரிட்ஜ்_பாண்டி

வயரிங் தம்பி சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. பெரும்பாலான டிசி ஃப்ரிட்ஜ்ல பேட்டரி பாதுகாப்பு, அதாவது பேட்டரி எந்த வோல்டேஜுக்கு இறங்கினா ஃப்ரிட்ஜ் தானா ஆஃப் ஆகணும்ங்கிற செட்டிங், மூணு நிலை இருக்கும்: ஹை, மீடியம், லோ. ஸ்டார்ட்டிங் பேட்டரியில ஓட்டுறப்போதான் ஹை. தனி லித்தியம்னா லோ வைங்க, லித்தியத்துக்குள்ளேயே பிஎம்எஸ்னு பேட்டரியைக் காக்கிற சர்க்யூட் இருக்கு, அது பாத்துக்கும். கடையிலேருந்து வர்றப்போ பெரும்பாலும் ஹையிலதான் இருக்கும், யாரும் மாத்துறது இல்ல.

பழைய டான்ஃபாஸ், இப்போ செகாப்னு பேர் மாறின கம்ப்ரசர் உள்ள ஃப்ரிட்ஜ் செகண்ட்ஹேண்டா கிடைச்சா விடாதீங்க. அதோட கன்ட்ரோல் யூனிட்ல ஒரு சின்ன எல்இடி கண் சிமிட்டும், எண்ணிப் பாருங்க. ஒரு சிமிட்டல்: வோல்டேஜ் குறைவு. ரெண்டு: ஃபேன் அதிக கரன்ட் இழுக்குது. மூணு: மோட்டார் கிளம்பல. நாலு: வேகம் எடுக்கல, ஓவர் லோடு. அஞ்சு: எலக்ட்ரானிக் யூனிட் சூடாயிடுச்சு. கத்திரியில வர்றது ஒண்ணும் அஞ்சும்தான். ஒண்ணுக்கு வயர், அஞ்சுக்குக் காத்து. கேஸ் போயிடுச்சு, கம்ப்ரசர் மாத்தணும்னு யாராவது சொன்னா மொதல்ல இதை எண்ணச் சொல்லுங்க.

காத்துன்னு சொன்னேன்ல, ஃப்ரிட்ஜ் உள்ளேருந்து எடுத்த சூட்டை வெளியில துப்பியாகணும். கிரில் இருக்கிற பக்கம் நாலு விரக்கடை இடம் விடுங்க. கட்டிலுக்கு அடியில தள்ளி, முன்னாடி போர்வையும் பையும் அடுக்கி வெச்சா தான் துப்பின சூட்டையே தானே இழுக்கும், நிக்காம ஓடும். கவர் மாட்டினாலும் கிரில் திறந்திருக்கணும்.

#9 கணக்கு_வாத்தி

பாண்டி சொன்னதில் ஒரு படி மேலே: வேனுக்குள் இருக்கும் சூட்டைக் குறைத்தால் ஃப்ரிட்ஜ், ஐஸ் இரண்டுக்கும் சுமை குறையும். 50 டிகிரி வேனில் நிற்கும் பெட்டிக்கும் 36 டிகிரி நிழலில் நிற்கும் பெட்டிக்கும் உள்ளே புகும் சூட்டில் கால் பங்குக்கு மேல் வித்தியாசம். முன் கண்ணாடிக்கு வெளிப்பக்கமாக மறைப்பு. உள்பக்க மறைப்பு பாதி வேலைதான் செய்யும், சூடு கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதே. வண்டியின் மூக்கைத் தெற்கே திருப்பி நிறுத்துங்கள். பகலில் வேனைப் பூட்டிவிட்டுப் போவதானால் கூரை வென்ட் திறந்திருக்கட்டும்.

லித்தியம் பேட்டரிக்கும் இது பொருந்தும். பலவற்றின் சார்ஜ் வரம்பு 45 டிகிரி. அதற்கு மேல் போனால் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். வெயில் கொளுத்தும்போது சோலார் ஏன் ஏறவில்லை என்று தலையைச் சொறிவீர்கள். இன்ஜின் பக்கம் வைக்காமல் தரையோடு, நிழல் பக்கம் வையுங்கள்.

#10 மலைப்பாதை

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். வெளிநாட்டு வேன் வீடியோவுல கேஸ் சிலிண்டர்ல ஓடுற ஃப்ரிட்ஜ் காட்டுறாங்களே, கரன்ட் தொல்லையே இல்லையே? இன்னொண்ணு, பானை மேல ஈரத்துணி சுத்துற நம்ம ஊர் முறை வேலைக்கு ஆகாதா?

#11 ஃப்ரிட்ஜ்_பாண்டி

கேஸ் ஃப்ரிட்ஜ் அம்மோனியாவைச் சூடாக்கி ஓடுற பழைய சரக்கு. 1922-ல ஸ்வீடன்ல ரெண்டு மாணவர்கள் கண்டுபிடிச்சது, அருமையான மூளை. ஆனா வண்டி சமதளத்துல நிக்கணும், சாய்ஞ்சா உள்ளே ஓட்டம் நின்னுடும். புகை வெளியே போக தனி வழி வேணும். 40 டிகிரியில அது திணறும். மூடின வேன்ல ராத்திரி முழுக்க எரியுற தீயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தூங்குறதா? வேண்டாம்.

உலர் ஐஸும் அதே கதைதான். மைனஸ் 78 டிகிரி, நல்ல குளிர். ஆனா அது கரியமில வாயுவா மாறி மூடின வண்டிக்குள்ள நிறையும். ஆள் தூங்குற வண்டியில ஏத்தவே கூடாது.

#12 கணக்கு_வாத்தி

ஈரத்துணி முறை ஊரைப் பொறுத்தது. 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்றால் பானை 24, 25 டிகிரி வரை இறங்கலாம். ஏப்ரல் மதியம் மதுரை, வேலூர் அப்படி. கடலோரத்தில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே போகாது. வேன்வாசியின் பாதை பெரும்பாலும் கடலோரம். பானை குடிதண்ணீருக்கும் கீரைக்கும் சரி, பாலுக்கு உதவாது.

ஆனாலும் குடிதண்ணீரைப் பானைக்கோ துணி சுற்றிய பித்தளைக் கூஜாவுக்கோ மாற்றிவிட்டால் அந்த 157 வாட்-மணி மிச்சம். ஜில்லென்று இருக்காது, தொண்டைக்கு இதமாக இருக்கும்.

#13 அடுப்படி_அக்கா

இவ்வளவு நேரம் இயந்திரத்தையே பேசினீங்க. பெட்டிக்குள்ள என்ன போகணும்னு நான் சொல்றேன். பாதிச் சாமானுக்குக் குளிரே வேண்டாம்.

பால்: தினம் ஒரு லிட்டர் பாக்கெட் சுமக்கிறதுக்குப் பதிலா டெட்ரா பேக் வாங்குங்க, 200 மில்லி, 500 மில்லி அளவுல. பிரிக்கிற வரைக்கும் வெளியிலேயே இருக்கலாம். பிரிச்சா அன்னைக்கே தீர்த்துடணும். பாக்கெட் பால்தான் வேணும்னா காலையில ஊர்ல வாங்கின உடனே காய்ச்சிடுங்க.

இட்லி மாவு: அரைச்சதும் புளிக்க விடாம நேரா ஃப்ரிட்ஜுக்குப் போகணும், ஒரு ராத்திரி வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்து நல்லா குளிர்ந்த பிறகு வண்டிக்கு. அரைக் கிலோ அரைக் கிலோவா நாலு எவர்சில்வர் டப்பா. டப்பாவுல பாதிதான் ஊத்தணும், மூடியை இறுக்கித் திருகக் கூடாது. மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிஞ்சா அந்த வாடை ஒரு மாசம் போகாது. அன்னன்னைக்கு வேண்டிய டப்பாவை மட்டும் ராத்திரி வெளியில எடுத்து வைங்க, மே மாசம் 5 மணி நேரத்துல புளிச்சிடும். ஒரே பெரிய டப்பாவா வெச்சுத் தினம் வெளியே எடுத்து உள்ளே வெச்சா மூணாம் நாள் ஊத்தப்பத்துக்குக் கூட ஆகாது.

தேங்காய்: துருவி எடுத்துட்டுப் போகாதீங்க. முழுக்காய், குடுமியோட. முட்டை: கடையில வெளியிலதானே வெச்சு விக்கிறாங்க, நிழலான மூலையில வைக்கோலோ காகிதமோ போட்டு வைங்க, அஞ்சு நாள் தாங்கும். ஒரு தடவை ஃப்ரிட்ஜ்ல வெச்சா அங்கேயே வெச்சிருங்க. வெளியே எடுத்தா ஓடு வேர்த்து அழுக்கை உள்ளே இழுக்கும். வெண்ணெய்க்குப் பதில் நெய். சட்னிக்குப் பதில் பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு. முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை. எண்ணெய் தாராளமா விட்டுத் தாளிச்சா பொழுது சாயற வரைக்கும் ஒண்ணும் ஆகாது.

வெறும் சோறு வேற விஷயம். மதியம் வடிச்ச சோத்தைப் பானையோட வேன்ல விட்டுட்டு ராத்திரி சூடு பண்ணிச் சாப்பிடாதீங்க. அதுல வளர்ற ஒரு கிருமி விடுற நஞ்சு சூட்டுல போகாது. 5 டிகிரிக்கு மேல, 60 டிகிரிக்குக் கீழ, இந்த இடைவெளியில சமைச்சது 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது பொதுக் கணக்கு. கத்திரியில ஒரு மணி நேரம்னு வெச்சுக்குங்க. அளவா வடிங்க. மிஞ்சினா தாம்பாளத்துல பரப்பி ஆற வெச்சு உடனே உள்ளே.

#14 நெய்தல்

அக்கா மீனை எனக்கு விட்டுட்டாங்க போல.

வாங்கின இடத்துலயே குடல், செவுள் எடுத்துக் கழுவிடச் சொல்லுங்க. சூடான ஊர்ல மீனும் ஐஸும் எடைக்கு எடை, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைச்ச ஐஸ். ஐஸ், மீன், ஐஸ்னு அடுக்கணும், மீனோட வயிறு கீழ் பார்த்து இருந்தா தண்ணி தேங்காது. இதுக்குத் தனியா ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டி, அடியில ஒரு ஓட்டை. அந்தத் தண்ணி வெளியே போயிக்கிட்டே இருக்கணும்.

அயிலை, மத்தி, சூரை மூணுலயும் ஒரு சங்கதி இருக்கு. இது வெயில்ல கிடந்தா ஹிஸ்டமின் சேரும். நாத்தம் தெரியாது, குழம்பு கொதிச்சாலும் போகாது. தின்ன அரை மணி, ஒரு மணியில முகம் சிவந்து தலைவலி, தடிப்பு. சிலர் ‘மீன் ஒத்துக்கல’ன்னு விட்டுடுவாங்க, உண்மையில ஐஸ் இல்லாம கிடந்த மீன். அந்தி நேரம் சமைக்கிறதா இருந்தா அந்தி நேரமே வாங்குங்க. மதியம் வாங்கி ராத்திரி வரைக்கும் சுமக்காதீங்க.

#15 ஃப்ரிட்ஜ்_பாண்டி

தண்ணியை வெளியே விடுறது மீனுக்கு மட்டும்தான் நெய்தல். மத்த ஐஸ் பெட்டியில அந்தத் தண்ணியும் குளிர்தானே? எதுக்கு வடிக்கணும்?

#16 நெய்தல்

தண்ணி நின்னா ஐஸ் சீக்கிரம் கரையும், எல்லாக் கடற்கரையிலயும் வடிக்கத்தான் செய்யுறாங்க.

#17 கணக்கு_வாத்தி

பஞ்சாயத்து வேண்டாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் விழுங்குகிறது. உருகின அதே தண்ணீர் 0-லிருந்து 5 டிகிரி ஏறும்போது 21 கிலோஜூல்தான். ஆகவே அந்தத் தண்ணீர் பெரிய சேமிப்பும் இல்லை, வடித்தால் பெரிய நஷ்டமும் இல்லை. பாட்டில்கள் மூழ்கியிருந்தால் சீராகக் குளிரும், விட்டுவையுங்கள். காய்கறியும் டப்பாவும் இருந்தால் வடித்துவிடுங்கள். வடிக்கும் குழாயைத் திறந்து வைத்தபடி வண்டி ஓட்டாதீர்கள், அதன் வழியே சூடான காற்று ஏறும். நிறைய இடத்தில் ஐஸைத் தின்பது அந்தத் திறந்த குழாய்தான், தண்ணீர் இல்லை.

#18 தங்கை_மருந்தகம்

யாராவது இன்சுலின் எடுத்துட்டுப் போறவங்க இருந்தா: பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். உறைஞ்சுபோனா தூக்கிப் போட வேண்டியதுதான், கரைஞ்சாலும் பயன்படுத்தக் கூடாது. அதனால ஐஸ்மேல நேரா வைக்காதீங்க, ஃப்ரிட்ஜோட சுவரை ஒட்டியும் வைக்காதீங்க. காத்துப் புகாத டப்பாவுல, துண்டு சுத்தி, நடுக்கூடையில. டிசி ஃப்ரிட்ஜ்ல குளிர்க்குழாய் சுவருக்குள்ளேயே ஓடுது, 4 டிகிரின்னு வெச்சாலும் அடிப்பக்கச் சுவரோரம் உறையும்.

#19 மலைப்பாதை

கடைசியா ஒரு சந்தேகம். வீட்டு ஃப்ரீசர்ல 2 லிட்டர் பெட் பாட்டில்ல தண்ணி உறைய வெச்சு எடுத்துட்டுப் போறது சரிதானே? அடுத்த மாசம் ஊட்டி.

#20 டிசி_வயரிங்

முறை சரி, ஊர்தான் இடிக்குது. நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் பெட் பாட்டிலுக்குத் தடை. சோதனைச்சாவடியில இறக்கச் சொல்லுவாங்க, உங்க ஐஸ் மொத்தமும் குப்பைத்தொட்டிக்கு. எவர்சில்வர் டப்பாவுல முக்கால் பாகத்துக்குச் சற்று மேல ஊத்தி உறைய வைங்க, உறையும்போது 9 சதவீதம் பெருக்கும். இல்ல கெட்டி ஜெல் பேக். 2 லிட்டர் முழுசா உறைய ஒரு நாள் முழுக்க வேணும், முந்தின ராத்திரி வெச்சா நடுவுல தண்ணியாத்தான் இருக்கும். மேல போயிட்டா ராத்திரிக் குளிர்ல ஐஸ் செலவு பாதிக்கும் கீழே வந்துடும், சமவெளியைத் தாண்டுற வரைக்கும்தான் பாடு.

கொண்டை ஊசி வளைவுல ஃப்ரிட்ஜைத் தரை கொக்கியில ரெண்டு பக்கம் பெல்ட் போட்டுக் கட்டுங்க. 30 டிகிரிக்கு மேல சாய்ச்சா கம்ப்ரசர் ஆயில் இடம் மாறும். சாய்ஞ்சிருந்தா நிமிர்த்தி வெச்சு சில மணி நேரம் கழிச்சு ஆன் பண்ணுங்க.

#21 வேன்வாசி

எல்லாத்தையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டேன், பிழை இருந்தா சொல்லுங்க. 40 லிட்டர் கம்ப்ரசர், 100 ஆம்பியர்-மணி லித்தியம், 20 ஆம்பியர் டிசி-டிசி, 6 சதுர மி.மீ. வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், பாதுகாப்பு லோ. மீனுக்குத் தனித் தெர்மாகோல். குடிதண்ணி மண்பானையில. பால் டெட்ரா பேக். மாவு நாலு டப்பா. கிளம்புற அன்னைக்குக் காலையில ஃப்ரிட்ஜை ஆன் பண்ணி நிரப்பிடலாமா?

#22 ஃப்ரிட்ஜ்_பாண்டி

முந்தின நாள் மதியமே வீட்டுக் கரன்ட்ல ஆன் பண்ணுங்க. காலி ஃப்ரிட்ஜோட சுவர், ஃபோம் எல்லாம் குளிர ராத்திரி முழுக்க ஆகும். அந்தச் செலவை வீட்டு மீட்டர் பாத்துக்கட்டும். 4 டிகிரியில வைங்க. திரையில காட்டுற எண்ணை நம்பாதீங்க, சென்சார் ஒரு மூலையில இருக்கு. ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டர் போட்டு நடுவுல வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. அதுல 5-க்கு மேல காட்டினா ஒரு டிகிரி குறைங்க.

மூடி ரப்பரையும் சோதிச்சிருங்க. ஒரு பத்து ரூபா நோட்டை இடையில வெச்சு மூடி இழுத்துப் பாருங்க, நாலு பக்கமும். சுலபமா உருவிக்கிட்டு வர்ற இடத்துல காத்து போகுது. வெந்நீர்ல நனைச்ச துணியால ரப்பரைத் தேய்ச்சு நிமிர்த்தினா பெரும்பாலும் சரியாயிடும்.

#23 அடுப்படி_அக்கா

அடுக்குறது: மாவும் தயிரும் அடியில, காய் மேல, அன்னைக்கு வேண்டியது எல்லாத்துக்கும் மேல ஒரே பையில. ‘எங்கே இருக்கு’ன்னு மூடியைத் திறந்து வெச்சுத் துழாவுறதுதான் பெரிய செலவு. பசங்களுக்கு ஒரு வேலை கொடுங்க, உள்ளே என்ன எங்கே இருக்குன்னு ஒரு தாள்ல படம் போட்டு மூடி மேல ஒட்டச் சொல்லுங்க. திரும்பி வந்ததும் சமையல் சோடா கரைச்ச தண்ணியில துடைச்சு, மூடிக்கும் பெட்டிக்கும் இடையில ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வெச்சுத் திறந்த மாதிரியே விட்டுடுங்க. மூடி வெச்சா பூஞ்சை பிடிக்கும்.

#24 வேன்வாசி

மரக்கரண்டி குறிச்சாச்சு அக்கா. நாகப்பட்டினத்துல ஐஸ் கம்பெனிக்கு இப்பவே போன் போடுறேன்.